சமையல்காரர் ரமோனுக்கு ஒரு பார்சல்

கப்பல் ஏஜென்சி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் எதைச் சொல்லிக் கொடுப்பது என்று யோசித்தேன். சுங்கக் காகிதம், குடிநீர், எண்ணெய், இமிகிரேஷன் முத்திரை இதெல்லாம் ஆறு மாதத்தில் தானாக வந்துவிடும். வராதவர்களுக்கு நான் எழுதினாலும் வரப்போவதில்லை. அதனால் அதை விட்டுவிட்டேன்.

ஒரே ஒரு விஷயத்தைப் பற்றி எழுதுகிறேன். ஒரு மனிதனுக்கு வந்த செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு கப்பல் ஏணியில் ஏறுவது. உங்களில் சிலர் சிரிப்பீர்கள். இப்போதுதான் எல்லா மாலுமியின் கையிலும் கைபேசி இருக்கிறதே, ஏஜென்ட் போவதற்குள் அவனுக்கே எல்லாம் தெரிந்துவிடுமே என்பீர்கள். சரிதான். ஆனாலும் என்றைக்காவது ஒருநாள் கேப்டன் உங்களைத் தனியாகக் கூப்பிட்டு, "இதை அவரிடம் நீங்களே சொல்லுங்கள்" என்பார். அன்றைக்கு இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அது 1982-ஆம் வருடம். துபாயில் தேரா பக்கம் எங்கள் ஆபீஸ். கப்பல் துறைமுகத்துக்கு வந்தால் முதலில் ஏறி, கிளம்பும்போது கடைசியாக இறங்கும் ஆள் நான். கப்பல்காரர்களுக்கு வேண்டியது காய்கறியோ, பல் வைத்தியரோ, ஊருக்கு விமான டிக்கெட்டோ, எதுவானாலும் என் தலையில்தான் விழும். தூத்துக்குடியில் கப்பல் பார்த்து வளர்ந்தவன் என்பதால் வேலை கஷ்டமாகத் தெரியவில்லை. வெயில்தான் கஷ்டம். வாடகை குறைவு என்று பக்கத்து எமிரேட்டான அஜ்மானில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தேன். ஆபீஸ் வண்டி ஓட்டும் சுப்பையாவும் அதே ரூம். புதுக்கோட்டைக்காரன், வாய் ஓயாமல் பேசுவான்.

சுப்பையாவின் கதையைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல முடியும்.

அவன் வந்த புதிதில் ஊரிலிருந்து அவனுக்குத் தந்தி வந்தது. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, உடனே வரவும். ரூமில் இருந்த எங்கள் எல்லோருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. வளைகுடாவில் அந்தக் காலத்தில் இருந்தவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சாவுச் செய்தியைச் சாவு என்று யாரும் அனுப்ப மாட்டார்கள். உடம்பு சரியில்லை என்றுதான் வரும். இங்கே இருப்பவர்களும் அதை அப்படியே அவனிடம் சொல்லி, கஃபீலிடம், அதாவது விசா கொடுத்த அரபு முதலாளியிடம், கெஞ்சி பாஸ்போர்ட்டை வாங்கி, டிக்கெட் போட்டு, ஏற்றிவிட்டுவிடுவோம். தனியாக இரண்டு விமானம் மாறிப் போகிறவன், இடிந்து போய் வழியிலேயே உட்கார்ந்துவிடக் கூடாது. அன்பினால் செய்வதுதான். அதை நான் குறை சொல்லவில்லை.

ஆனால் ஒன்று இருக்கிறது. சாதாரணமாக ஒருத்தன் லீவில் ஊருக்குப் போனால் ரூமே அவன் தலையில் ஏறிவிடும். ஒருத்தன் சேலை கொடுப்பான், ஒருத்தன் தைலம், ஒருத்தன் டார்ச் லைட், இன்னொருத்தன் மகனுக்கு சட்டை. எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் அடைத்து, கயிறு கட்டி, மேலே பெரிய எழுத்தில் பெயர் எழுதிக் கொடுத்துவிடுவோம். சாவுக்குப் போகிறவனிடம் மட்டும் யாரும் எதுவும் கொடுக்க மாட்டோம். துக்க வீட்டுக்குச் சாமான் சுமந்துகொண்டா போவான்?

சுப்பையா விமான நிலையத்தில் ஒரு சின்னப் பையோடு நின்றான்.

"அண்ணே, யாருமே ஒரு பார்சல் குடுத்து விடலையேண்ணே."

"அவசரத்துல போறல்லா, அதான்லே."

அவன் பையைப் பார்த்துக்கொண்டே உள்ளே போனான். திரும்பி வந்த பிறகு என்னிடம் சொன்னான். "அந்தப் பையத் தூக்குனப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சுண்ணே. ஒங்ககிட்டக் கேக்கத்தான் பயமா இருந்துச்சு." எங்கள் செய்திகளை நாங்கள் இப்படித்தான் படித்தோம். எழுதியிருப்பதை விட்டுவிட்டு, எழுதாததைப் படிப்போம்.

இப்போது கப்பலுக்கு வருகிறேன்.

ஜூன் மாதம் அது. ரம்ஜான் நோன்பு தொடங்க ஒரு வாரம் போல இருந்தது. நோன்புக்கு முன்னால் வளைகுடா முழுக்க இறைச்சிக்கு அலைவார்கள். அதற்காக அர்ஜென்டினாவிலிருந்து உறைந்த இறைச்சி ஏற்றிய கப்பல் ஒன்று ஜெபல் அலிக்கு வந்தது. கப்பல்காரர்கள் எல்லோரும் அந்த நாட்டவர்கள். அந்த வருடம் ஏப்ரலில் அவர்களுடைய நாட்டு ராணுவ அரசு தெற்குக் கடலில் இருந்த தீவுகளைப் பிடித்து, பிரிட்டனோடு சண்டைக்குப் போயிருந்தது. எங்கள் துறைமுகத்திலோ, கப்பலில் ஏறி அதைத் துறைக்குள் கொண்டுவரும் பைலட் ஒரு ஆங்கிலேயர். அவரை அந்தக் கப்பலில் ஏற்றிவிட்டு நான் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஒன்றும் நடக்கவில்லை. கேப்டன் காபி கொடுத்தார், பைலட் நின்றபடியே குடித்தார், இருவரும் காற்றைப் பற்றியும் ஆழத்தைப் பற்றியும் மட்டும் பேசினார்கள். கப்பலைத் துறையில் கட்டிய பிறகு கைகுலுக்கிக்கொண்டார்கள். தீவில் இருந்த அவர்களுடைய படை சரணடைந்து அப்போது இரண்டு மூன்று நாள்தான் ஆகியிருந்தது.

அடுத்த நாள் காலை ஆபீஸுக்குப் போனபோது, வெளிநாட்டுச் செய்திகள் தட்டச்சாகி வந்து விழும் டெலெக்ஸ் மெஷின் முன்னால் அண்ணை எழுந்து நின்றுகொண்டிருந்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் ஊர் வழக்கப்படி நான் அண்ணாச்சி என்று கூப்பிட்டிருக்க வேண்டும். ஆனால் ஆபீஸ் முழுக்க அவரை அண்ணை என்றே கூப்பிட்டது, எனக்கும் அதுவே ஒட்டிக்கொண்டது. மானேஜர் லீவில் போயிருந்ததால் அந்த மாதம் அவர்தான் பொறுப்பு. அவரிடம்தான் நான் வேலை கற்றேன். உட்கார்ந்தபடியே உலகத்தோடு பேசுகிறவர் எழுந்து நின்றால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம்.

தாளை என்னிடம் நீட்டினார். கப்பல் முதலாளிகளின் ஆபீஸிலிருந்து வந்திருந்தது. சமையல்காரர் ரமோனின் மகன் மார்ட்டின் தீவுச் சண்டையில் காயம்பட்டு, தெற்கே ஒரு ஊரில் ராணுவ மருத்துவமனையில் இருக்கிறான். உயிரோடு இருக்கிறான். தந்தை வர விரும்பினால் துபாயிலிருந்தே விமானத்தில் அனுப்பி வைக்கவும். அவ்வளவுதான்.

"விளங்குதோ தம்பி?" என்றார் அண்ணை.

"காயம்னு போட்டிருக்காங்க."

"உயிரோட இருக்கிற ஆளைப் பற்றி உயிரோட இருக்கிறான் எண்டு ஆரும் எழுதுவினமே? ஒரு காயத்துக்காக உலகத்தின்ரை மற்றப் பக்கத்திலை இருக்கிற சமையல்காரனுக்கு டிக்கெட் போடுவினமே? பெடியன் முடிஞ்சான், தம்பி."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மகனுக்குப் பத்தொன்பது வயதுதான் இருக்கும், கட்டாய ராணுவத்துக்குப் போன பையன் என்று முந்தின நாள் கேப்டன் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். ரமோனுக்கு மனைவி இல்லை. அவனைத் தவிர வேறு பிள்ளையும் இல்லை.

"நீர் போய் விளக்கமா ஒண்டும் கதைக்க வேண்டாம்" என்றார் அண்ணை. "சின்னக் காயமாம், டிக்கெட் போட்டாச்சு, ஒருக்கா போய்ப் பாத்திட்டு வாரும் எண்டு சொல்லும். மிச்சத்தை அங்கை போய் அறியட்டும். பாவம்."

அன்றைய மாலை விமானம் ஐரோப்பா வழியாகப் போகிறது. அதை விட்டால் கப்பல் மறுநாள் காலை கிளம்பிவிடும். அடுத்து அது போகவேண்டியது நியூசிலாந்து. அங்கிருந்து அந்த மனிதர் ஊர் திரும்ப மாதக்கணக்கில் ஆகும். நான் காகிதங்களை எடுத்துக்கொண்டு இமிகிரேஷனுக்கு ஓடினேன். நாங்கள் பேசியதை வாசலில் காய்கறிப் பெட்டிகளோடு நின்ற சுப்பையா கேட்டுக்கொண்டிருந்தான் என்பதை நான் கவனிக்கவில்லை. அவன் எனக்கு முன்னால் ஜெபல் அலிக்குப் போய்விட்டான்.

நான் கப்பலில் ஏறியபோது கேப்டன் மேல்தளத்திலேயே காத்திருந்தார். முகம் சிவந்திருந்தது. "உங்கள் ஆட்கள் என் சமையல்காரரிடம் என்ன சொன்னார்கள்?" என்று கேட்டார். நான் இப்போதுதான் வருகிறேன், யாரும் எதுவும் சொல்லியிருக்க முடியாது என்றேன். அவர் என்னை மெஸ்ஸுக்கு அழைத்துக்கொண்டு போனார். மத்தியானச் சாப்பாட்டு நேரம். அடுப்பு அணைந்திருந்தது. வெங்காய மூட்டை பிரிக்காமல் கிடந்தது. ரமோன் ஏப்ரனைக் கூடக் கழற்றாமல் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார். கனத்த உடம்பு, நரைத்த மீசை. எங்களைப் பார்க்கவில்லை.

நடந்தது இதுதான். சுப்பையா காய்கறியோடு வந்திருக்கிறான். வழக்கம்போல ரமோன் பெட்டிகளை வாங்கக் கீழே இறங்கி வந்திருக்கிறார். சுப்பையா அவரை ஒரு பெட்டியைக் கூடத் தொட விடவில்லை. எல்லாவற்றையும் தானே தோளில் சுமந்து மேலே கொண்டுபோய் வைத்திருக்கிறான். பிறகு அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, ஒரு வார்த்தையும் பேசாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கிப் போய்விட்டான். மகனை யுத்தத்துக்கு அனுப்பிய தகப்பனுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? அவரே முடிவுக்கு வந்துவிட்டார்.

சுப்பையாவை அப்போது என் கையில் கொடுத்திருந்தால் கன்னத்தில் ஒன்று விட்டிருப்பேன். அவ்வளவு கோபம். அவன் செய்தது முழுக்கப் பாசம், அதனால் கோபம் இன்னும் கூடியது.

நான் டெலெக்ஸைக் கேப்டனிடம் கொடுத்தேன். அவர் தம் மொழியில் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினார். ரமோன் மேசையைப் பார்த்துக்கொண்டே ஏதோ சொன்னார். கேப்டன் எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார்.

"அவர் வரவில்லை என்கிறார். மகன் போய்விட்டான், அங்கே போனால் ஏதோ ஒரு அதிகாரி கொடியை மடித்துக் கையில் கொடுப்பான், அதை வாங்கிக்கொள்ளத் தனக்கு மனமில்லை என்கிறார். கப்பலிலேயே இருக்கிறாராம்."

"பையன் உயிரோடு இருக்கிறான் என்றுதானே எழுதியிருக்கிறது" என்றேன்.

கேப்டன் என்னைத் தம் அறைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தார். சின்னக் குடுவையில் இலையைப் போட்டு வெந்நீர் ஊற்றி, உலோகக் குழல் வைத்து நீட்டினார். அவர்கள் ஊர்ப் பானம், பயங்கரக் கசப்பு. ஜூன் மாத ஜெபல் அலியில் அதைச் சூடாகக் குடித்தவன் நானாகத்தான் இருப்பேன். மறுத்தால் தப்பாகிவிடுமோ என்று குடித்தேன். அவர் தம் நாட்டைப் பற்றிச் சொன்னார். ஒரு மணி நேரத்தில் ஒரு நாட்டின் அரை வருடத்தை எனக்குச் சொன்ன மனிதர் அவர் ஒருவர்தான்.

அவர்கள் தலைநகரின் நடுவில் அரசு மாளிகைக்கு முன்னால் ஒரு சதுக்கம் இருக்கிறதாம். மார்ச் கடைசியில் தொழிலாளிகள் சமாதானமும் சோறும் வேலையும் கேட்டு அதை நோக்கி ஊர்வலமாகப் போனார்கள். ராணுவ அரசு அடித்து விரட்டியது. சில நாளில் தீவைப் பிடித்துவிட்டோம் என்று வானொலி சொன்னது. அதே ஜனங்கள் அதே சதுக்கத்தில் நிறைந்து கை தட்டினார்கள். "நானும் தட்டினேன், அப்போது ஊரில் இருந்தேன்" என்றார் கேப்டன். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் வெற்றி, வெற்றி என்றே சொன்னார்கள். கப்பல் கடலில் வந்துகொண்டிருந்தபோது ஊர் வானொலி ஒன்று சொல்லும், வெளிநாட்டு வானொலி வேறொன்று சொல்லும். ரமோன் ஊர் வானொலியை மட்டும்தான் கேட்பாராம், மகனுக்காக. கடைசி நாள் வரைக்கும் வெற்றி. அடுத்த நாள் சரண். மக்கள் மறுபடியும் அதே சதுக்கத்துக்குப் போய், எங்களிடம் ஏன் பொய் சொன்னீர்கள் என்று கத்தினார்கள், மறுபடியும் அடி விழுந்தது.

"ஊரிலிருந்து வரும் எந்தக் காகிதத்தையும் இந்தக் கப்பலில் இப்போது யாரும் நம்ப மாட்டார்கள்" என்றார் அவர். "உங்கள் டிரைவரின் கண்ணீரைத்தான் நம்புவார்கள்."

யாழ்ப்பாணத்துக்காரரும் புதுக்கோட்டைக்காரனும் நானும் அந்தத் தாளை ஏன் நம்பவில்லையோ, கிட்டத்தட்ட அதே காரணத்துக்காகத்தான் இவர்களும் நம்பவில்லை. எங்களை ஏமாற்றியது அன்பு, இவர்களை ஏமாற்றியது அரசாங்கம். ஆனால் தெற்கே ஒரு மருத்துவமனையில் பையன் உண்மையிலேயே கிடந்தால்? கண் திறந்து அப்பா எங்கே என்று கேட்டால்? அவனுக்கு வேறு யாரும் இல்லை.

திரும்ப மெஸ்ஸுக்குப் போனோம். நான் ரமோனுக்கு எதிரில் உட்கார்ந்தேன். அவர் முதல் முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்து, கப்பல் ஆங்கிலத்தில் கேட்டார்.

"நீ. நீ நம்புகிறாயா?"

இந்த இடத்தைத்தான் நீங்கள் நினைவில் வைக்க வேண்டும். ஆமாம் என்று சொல்லிவிடத்தான் வாய் வந்தது. சொன்னால் அவர் எழுந்து வரலாம், என் வேலை முடிந்துவிடும். ஆனால் நான் நம்பவில்லை. என் முகத்தைப் பார்த்து அவர் அதைக் கண்டுபிடித்துவிட்டால் அதன் பிறகு யார் சொன்னாலும் எழுந்திருக்க மாட்டார். அதனால் எனக்குத் தெரிந்ததையும் எனக்குத் தோன்றியதையும் தனித்தனியாக எடுத்து வைத்தேன். கேப்டன் ஒவ்வொரு வரியாக மாற்றிச் சொன்னார்.

"எனக்குத் தெரிந்தது இந்தத் தாளில் இருப்பது மட்டும்தான். உங்கள் மகன் இருக்கிறான் என்று இதில் இருக்கிறது. வேறு எந்தத் தாளும் வரவில்லை, வேறு யாரும் எதுவும் சொல்லவில்லை. அந்த டிரைவருக்கும் இதற்கு மேல் ஒன்றும் தெரியாது."

"அப்படியானால் அவன் ஏன் அழுதான்?"

"அது அவனுடைய அப்பாவுக்காக" என்றேன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் தந்திகள், உடம்பு சரியில்லை என்ற பொய், சுப்பையா சின்னப் பையோடு விமானம் ஏறியது, பார்சல் கொடுக்காமல் விடும் வழக்கம். நாங்கள் இப்படிப் பழகிப்போனவர்கள், நல்ல செய்தி வந்தாலும் அதில் சாவைத் தேடுகிறவர்கள், எங்கள் ஆபீஸில் முதலில் இதைப் படித்தவரும் நம்பவில்லை, நானும் நம்பவில்லை, ஆனால் அந்த அவநம்பிக்கைக்கு எங்களிடம் ஒரு ஆதாரமும் கிடையாது என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது.

ரமோன் பார்சலைப் பற்றி மறுபடி கேட்டார். சாவு வீட்டுக்குப் போகிறவனிடம் கட்டாயம் கொடுக்க மாட்டீர்களா என்று கேட்டார். கொடுக்கவே மாட்டோம் என்றேன். அவர் கேப்டனிடம் மெதுவாக ஏதோ சொன்னார். கேப்டன் என்னைப் பார்த்தார்.

"விமான நிலையம் வரை வருகிறாராம். முதலில் படித்து நம்பாமல் போனாரே, அந்த மனிதர் தன் கையால் இவர் மகனுக்கு ஒரு பார்சல் கொடுத்தால் விமானம் ஏறுகிறாராம். இல்லையென்றால் கப்பலுக்கே திரும்பிவிடுகிறாராம். நீங்கள் கொடுத்தால் செல்லாது. அந்த மனிதரை அங்கே வரவழைப்பது உங்கள் வேலை என்கிறார்."

கப்பலிலிருந்து கணக்குத் தீர்த்து இறக்கிய மாலுமி விமானம் ஏறாவிட்டால் இமிகிரேஷனுக்குப் பதில் சொல்லி மாட்டிக்கொள்கிறவன் ஏஜென்ட்தான். சரி என்று சொல்லிவிட்டேன்.

துறைமுக வாசலில் இருந்த போனில் அண்ணையைப் பிடித்து விஷயத்தைச் சொன்னேன்.

"உமக்கென்ன விசர் பிடிச்சிருக்கோ?" என்றார். "செத்த வீட்டுக்கு ஆரும் சாமான் குடுத்து விடுவினமே? நாளைக்கு அந்தாள் அங்கை போய் இறங்கி, பெட்டியையும் வைச்சுக்கொண்டு நிக்கேக்கை என்னை என்னெண்டு நினைப்பார்?"

"செத்த வீடுன்னு யாரு சொன்னா அண்ணை? தாள்ல இருக்கா?"

"தாளிலை இல்லை."

"வேற எங்கயாவது இருக்கா?"

"என்ரை மனசிலை இருக்கு. அது போதாதோ?"

"அதத்தான் சொல்லுதேன். நம்ம மனசுல இருக்கதுக்கு அந்த மனுசன் ஏன் பலியாவணும்?"

அவர் போனை வைத்துவிட்டார்.

விமான நிலையத்துக்கு வெளியே ரமோனும் நானும் நின்றோம். நல்ல சட்டை போட்டு, தலையை ஈரமாக வாரியிருந்தார். கையில் ஒரே ஒரு பை. அன்றைக்குச் சுப்பையாவின் கையில் இருந்த பையைப் போலவே சின்னது. உள்ளே போகலாமா என்று இரண்டு முறை கேட்டேன், தலையை மட்டும் ஆட்டினார். கவுண்டரை மூடப்போகிறார்கள் என்று உள்ளேயிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். நான் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த மனிதரை மறுபடியும் வண்டியில் ஏற்றி, அந்தப் பாலைவனச் சாலையில் கப்பலுக்குத் திருப்பிக் கொண்டுபோவதை நினைக்க என்னால் முடியவில்லை.

ஒரு டாக்ஸி வந்து நின்றது. அண்ணை இறங்கினார். மெஷின் முன்னால் உட்கார்ந்தே பழகிய மனிதர், ஒரு அட்டைப்பெட்டியை மார்போடு அணைத்துத் தூக்கி வந்தார். குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. மேலே தடித்த மையில் ஆங்கில எழுத்தில் மார்ட்டின் என்று எழுதி, அதற்குக் கீழே அந்த மருத்துவமனை இருக்கும் ஊரின் பெயரையும் எழுதியிருந்தார். எழுத்து அழகாக இருந்தது. அவர் நிதானமாக எழுதியிருக்கிறார் என்று பார்த்ததும் தெரிந்தது.

"பேரீச்சம்பழம்" என்றார் ரமோனிடம். பிறகு ஆங்கிலத்தில், பார்சல் கொடுத்துவிடும்போது எங்கள் ஆட்கள் எல்லோரும் சொல்வதைத்தான் சொன்னார். "கிடைத்ததும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். அவனையே எழுதச் சொல்லுங்கள்."

ரமோன் பெட்டியின் மேல் இருந்த பெயரை வாய்விட்டுப் படித்தார். அண்ணையின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என்ன தேடினாரோ தெரியாது. பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

திரும்பும் வழியில் அண்ணை, "நான் இப்பவும் நம்பேல்லை, தம்பி" என்றார்.

"பிறகு ஏன் குடுத்தீங்க?"

"அந்தாள் வேற ஒண்டும் கேக்கேல்லையே."

அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. நோன்பு வந்தது, பெருநாள் வந்தது, வெயில் குறைய ஆரம்பித்தது. காலையில் ஆபீஸுக்கு வந்ததும் இரவெல்லாம் மெஷினில் வந்து விழுந்திருக்கும் தாளை அண்ணை கடைசி வரி வரை படிப்பார். முன்பெல்லாம் கிழித்துக் கிழித்து எங்களிடம் கொடுத்துவிடுவார். நான் எதையும் கேட்க மாட்டேன். கேட்கப் பயந்தேன், அதுதான் உண்மை. ஒரு தகப்பனைப் பேரீச்சம்பழப் பெட்டியோடு பிணவறை வாசலுக்கு அனுப்பிவிட்டேனோ என்று பல நாள் சோறு இறங்கவில்லை. சுப்பையா வண்டி ஓட்டும்போது பேசுவதையே நிறுத்திவிட்டான்.

அந்த நாட்டின் மிச்ச வருடம் எனக்குப் பிற்பாடுதான் தெரிய வந்தது. மறு வருடத் தொடக்கத்தில் அதே கேப்டன் வந்தபோது சொன்னார். ஆட்சியில் இருந்த ராணுவத் தலைவரை ராணுவத்தினரே இறக்கிவிட்டு இன்னொருவரை வைத்தார்கள். டிசம்பரில் அந்தச் சதுக்கம் மறுபடியும் நிறைந்தது. இந்த முறை தேர்தல் வேண்டும் என்று கேட்டார்கள். ராணுவம் பல வருடங்களாகப் பிடித்துக்கொண்டு போய்க் காணாமல் ஆக்கிய பிள்ளைகளின் தாய்மார்கள் தலையில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு எங்கள் பிள்ளைகள் எங்கே என்று அங்கே வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார்களாம். உயிரோடு இருக்கிறார்களா, இல்லையா, அதையாவது சொல்லுங்கள் என்று கேட்டார்களாம். யாரும் பதில் சொல்லவில்லை என்றார் கேப்டன். அதைச் சொல்லும்போது அவர் குடுவையைக் கீழே வைத்துவிட்டார்.

கேப்டன் வருவதற்கு முன்பே, அக்டோபரில், எங்களுக்கு வரவேண்டியது வந்துவிட்டது. அடுத்த சரக்கைப் பற்றிய நீண்ட டெலெக்ஸ் ஒன்று அந்த முதலாளிகளிடமிருந்து வந்தது. எத்தனை பெட்டி, எந்த வெப்பநிலை, எந்தத் துறை என்று ஒரு முழம் நீளம். நான் மேசையில் வேலையாக இருந்தேன். அண்ணை எழுந்து நிற்பதைக் கடைக்கண்ணால் பார்த்தேன்.

அவர் என்னைக் கூப்பிட்டு, தாளின் அடியில் விரலை வைத்தார். சரக்கு விவரம் முடிந்த பிறகு, இதைத் துபாய் ஆபீஸில் பார்சல் கொடுத்தவரிடம் சேர்க்கவும் என்று போட்டு, கீழே எழுதியிருந்தது.

"பெட்டி கிடைத்தது. குளிரில் கெட்டுப்போய் வலது பாதத்தை எடுத்துவிட்டார்கள். இன்னும் வலிக்கிறது. பேரீச்சம்பழம் முழுக்க நானே தின்றேன், அப்பாவுக்குக் கொடுக்கவில்லை. மார்ட்டின்."

சுப்பையாவை வெளியிலிருந்து கூப்பிட்டோம். நான் தமிழில் படித்துக் காட்டினேன். அவன் சுவரில் சாய்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். நானும் அழுதேன், அதில் மறைக்க என்ன இருக்கிறது. பிறகு எனக்கு ஒரு சின்னக் குறும்பு தோன்றியது.

"என்ன அண்ணை, இதயாவது நம்புதீகளா?"

அவர் அந்த நாலு வரியையும் மறுபடி படித்தார். இரண்டாவது வரியில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"காலை எடுத்ததை ஒளிக்காமல் எழுதியிருக்கிறான் பாரும். அதாலை மிச்சத்தையும் நம்பிறன்."